முந்நூறு மில்லி

— ஜூன் பத்து, செவ்வாய். திருவனந்தபுரம், பிரசவ அறை. காலை ஒன்பது இருபதுக்கு பேச்சி, வயசு இருபத்திமூணு, பெண் குழந்தை. ரத்தப்போக்கு முந்நூறு மில்லி. சரியா வாசிச்சேனா, சுசீலாபாய் சிஸ்டர்?

— என் கையெழுத்துதானே, ஸ்ரீப்ரியா மேடம். பின்னே?

— இதுக்கு மேல உள்ளதும் முந்நூறு. ரெண்டு மாசத்துல நூத்திப்பன்னெண்டு பிரசவம். எல்லாமே முந்நூறு. நாளைக்கு தரச் சான்றிதழுக்கு டீம் வருது. இதைப் பாத்தா, தர அதிகாரின்னு என்னையும் சேத்துச் சிரிப்பாங்க.

— இருபத்தாறு வருஷ சர்வீஸ். துணியப் பாத்தே சொல்லுவேன், பாத்துக்கிடுங்க.

— எல்லாருக்கும் ஒரே அளவா?

— அக்கா, கொஞ்சம் தண்ணி தாங்கக்கா.

— இப்பதானே குடிச்சே, பேச்சி. பிள்ளையப் பாத்துக்கிட்டுக் கிட, மக்ளே. உள்ளதச் சொல்லட்டா மேடம்? ஐந்நூறு தாண்டினா மூணு பக்கம் ஃபார்ம். ஏன் தாண்டிச்சு, யாரு டூட்டி, எப்ப டாக்டரை விளிச்ச. எழுதி முடிக்க ஒரு மணிக்கூறு. நாங்க ரெண்டு பேரு ஆறு கட்டில் பாக்கோம். அந்த ஃபார்மை உண்டாக்கினவங்க ஒரு நாள் இங்க வந்து நிக்கட்டு.

— நான்தான் உண்டாக்கினேன்.

— தெரியும்.

— சரி. இப்ப என்ன செய்யலாம்?

— நாளைக்குள்ள மாத்திடுதேன். ஒண்ணு இருநூத்தி எம்பது, ஒண்ணு முந்நூத்தி நாப்பது.

— அதுக்கு முந்நூறே மேல். ஒண்ணே ஒண்ணு நிறுத்துக் காட்டுங்க. துணியில ஏறின எடை ஒரு கிராம்னா, ரத்தம் ஒரு மில்லி. பேச்சியோட துணி வாளியில இருக்கில்லியா?

— இருக்கு. பிள்ளை நிறுக்குற மெஷின்லதான் வைக்கணும்.

— வைங்க.

— அக்கா, ஏசியக் குறைங்கக்கா. குளிருது.

— இங்க ஏது பிள்ளே ஏசி? மேடம், நனைஞ்சது ஆயிரத்து அறுபது. காஞ்ச துணி இருநூறு. கழிச்சா எண்ணூத்தி அறுபது.

— இன்னொரு தடவை வைங்க.

— வேண்டாம். கட்டில் விரிப்பும் நனைஞ்சிருக்கு, அது இதுல சேரல்ல. ஓடிப்போய் டாக்டரை விளிங்க. கர்ப்பப்பை சுருங்க நான் வயித்தைப் பிடிச்சுத் தேய்க்கேன். பேச்சி, இங்க பாரு மக்ளே. கண்ண மூடாத.

— பன்னெண்டரை ஆச்சு. என்ன நிலவரம், சிஸ்டர்?

— ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்தியாச்சு. பிரஷர் நூறு. ஐசியூவுல முழிச்சுப் பிள்ளையக் கேட்டா. ரெஜிஸ்டர்ல என்ன எழுத?

— விரிப்பு, அதுக்கப்புறம் போனது எல்லாம் நிறுத்துச் சேத்ததுல பேச்சிக்கு ஆயிரத்து நானூறு. மத்த நூத்திப்பதினொண்ணுக்கும் பக்கத்துல ‘அளக்கவில்லை’ன்னு எழுதுங்க.