கரைக்கு ஒரு வசனம்

நெடுந்தீவுக்கு ஒரு நாளிலை போய்வரலாம் எண்டு சொல்லுற ஆக்களை எனக்குப் பிடிக்கிறேல்லை. போகலாம், அது பிரச்சினையில்லை. வாறதைக் கடல்தான் சொல்லவேணும். இருங்கோ விதானையார், அந்தக் கதிரையிலை இருங்கோ. மற்றதுக்குக் கால் ஆடுது. தேத்தண்ணி போட்டுத்தர ஆளில்லை, குறை நினையாதேங்கோ. மகள் கமலாதேவி மூண்டு நாளா என்ரை தங்கச்சி பார்வதிப்பிள்ளை வீட்டிலை நிக்கிறாள்.

நாளைக்குப் பொலிசு வரமுன்னம் நான் சொல்லுறதை ஊர் அதிகாரி எண்ட முறையிலை நீங்கள் எழுதி எடுக்கவேணும் எண்டியள். நல்லது. ஆறுதலா எழுதுங்கோ. ஆழ்வாப்பிள்ளை எண்டு போட்டாக் காணும். இருபத்தாறு வருசம் புங்குடுதீவிலை ஒரு சின்னத் தபாற்கந்தோரை நடத்தினவன் எண்டும் போடுங்கோ. மருமோனோடை எனக்கு ஒரு கோவமும் இருக்கேல்லை எண்டதையும் மேலையே எழுதிவிடுங்கோ, பிறகு மறந்துபோகும்.

குலசிங்கம் நல்ல பிள்ளை. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லிச்சினம், நானும் சொன்னனான். கொழும்பிலை வீட்டுப்படம் கீறுற உத்தியோகம். எண்பத்துமூண்டு ஆடிக் கலவரத்திலை எல்லாத்தையும் எரியக் குடுத்திட்டு, உடுத்த உடுப்போடை கப்பலிலை வந்து இறங்கின ஆள். தங்கச்சிதான் அவரைக் கண்டுபிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தவ. "அண்ணை, கமலாவுக்கு முப்பத்தொண்டு முடியுது. இனியும் சாட்டுச் சொன்னியளெண்டால் நானே தாலி வாங்கிக் குடுத்துக் கட்டிவைப்பன்" எண்டு முற்றத்திலை நிண்டு கத்தினவ. அயலட்டை எல்லாம் கேட்டது. பிறகு நான் என்ன செய்யிறது.

கமலாவுக்குப் பதினாலு வயசிலை தாய் செத்தவ. அண்டையிலையிருந்து குசினி அவளின்ரை. விடிய ஐஞ்சுக்குக் கோப்பி, ஏழுக்கு இடியப்பம், மத்தியானம் கந்தோருக்குச் சாப்பாடு, பின்னேரம் கால் கழுவச் சுடுதண்ணி. நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை, அவளாகச் செய்தவள். அப்பிடி ஒரு பிள்ளையைத் தூக்கி இன்னொருத்தன்ரை கையிலை குடுக்கிறது தகப்பன் செய்யிற வேலையோ? நீங்களும் பெம்பிளைப் பிள்ளை பெத்தவர், நீங்கள் சொல்லுங்கோ.

முந்தியும் கலியாணப் பேச்சுக் கடுதாசியள் வந்ததுதான். நான் ஒளிக்கேல்லை. கந்தோருக்கு வந்ததை வீட்டுக்குக் கொண்டுவரேல்லை, அவ்வளவுதான். பதினொரு கடுதாசி. அதிலை நாலு, வேலணையிலை படிப்பிச்ச ஒரு வாத்தியார் அவளுக்கே நேரை எழுதினது. அவளுக்கு அந்தாளைத் தெரியும் எண்டு வாசிச்சுத்தான் அறிஞ்சன். நாலுக்குப் பிறகு அந்தாள் எழுதேல்லை. கமலா ஒரு மாசம் படலையடியிலை நிண்டு தபால்காரனைப் பாத்தாள், பிறகு விட்டிட்டாள். ஒரு மாசத்திலை மறந்துபோற விசயத்துக்கு எத்தினை ஆரவாரம், பாத்தியளோ.

சித்திரையிலை கலியாணம் நடந்தது. ரெண்டு பேரும் இஞ்சைதான் இருந்தவை. அதாலை எனக்குக் கரைச்சலும் இல்லை, ஒரு ஆளுக்குச் சோறு கூடப் போட்டாக் காணும். ஆனா அவள் முதல் கோப்பைச் சோத்தை அவருக்குப் போடத் தொடங்கினாள். பதினேழு வருசம் எனக்கு முதல் போட்டவள். நான் ரெண்டாவதாத் தந்ததை வாங்கிச் சாப்பிட்டனான்.

ஆடியிலை கனடாவிலையிருந்து அவற்றை தமையன் எழுதினார். விசா அலுவல் சரியாம், ஆவணி முடியமுன்னம் ரெண்டு பேரும் கொழும்புக்கு வெளிக்கிடட்டாம். மருமோன் என்னட்டை வந்து பக்கத்திலை இருந்து சொன்னார்: "மாமா, ஆறு மாசம் பொறுங்கோ. உங்களையும் கூப்பிடுவம்."

"ஆறு மாசம் எனக்கு ஆர் சமைக்கிறது?" எண்டன்.

"பார்வதி மாமியோடை கதைச்சாச்சு. அவ வந்து நிப்பா."

எல்லாம் எனக்குப் பின்னாலை கதைச்சு முடிச்சுப்போட்டுத்தான் வந்து சொல்லுறார். சிரிச்சுக்கொண்டு வேறை சொல்லுறார்.

போறதுக்கு முன்னம் நெடுந்தீவைப் பாக்கவேணும் எண்டு அவருக்கு ஒரு விசர். கோட்டை, புறாக்கூடு, குதிரை லாயம், பெருக்க மரம் எண்டு ஒரு கொப்பியிலை வடிவா எழுதி வைச்சிருந்தார். ஒல்லாந்தன் கட்டிப்போட்டு விட்டிட்டுப் போன கல்லைப் பாக்க ஒரு மனிசன் வள்ளம் ஏறிப் போறதெண்டால் அவனுக்கு வேறை வேலையில்லை எண்டுதான் அர்த்தம். கமலாவுக்குக் கடல் ஒத்துவராது, துறையிலை வள்ளத்தைக் கண்டாலே சத்தி எடுப்பாள். அவள்தான் என்னைக் கேட்டவள், "அப்பா, நீங்களும் போங்கோ, அவரைத் தனிய விடாதேங்கோ" எண்டு. அதாலைதான் நான் போனது.

ஆவணி ஏழாம் திகதி காலமை வள்ளம். குறிகட்டுவான் துறையிலையிருந்து நெடுந்தீவு வரைக்கும் அந்த மனிசன் வாய் மூடேல்லை. மாடு கட்டின வேலியைக் கண்டாலும் கமெராவாலை படம், முருகைக்கல்லு மதிலைக் கண்டாலும் படம். அங்கத்தைச் சனம் பேயன் எண்டு நினைச்சிருக்கும். மத்தியானம் மரியதாசன் வீட்டிலை சாப்பிட்டம். மரியதாசன் முந்தி என்ரை கந்தோரிலை பியோனா இருந்தவன், இப்ப ஊரிலை மாடு வளக்கிறான். மருமோன் அவனை "அண்ணை, அண்ணை" எண்டு தோளிலை கைபோட்டுக் கதைச்சார். என்ரை பியோனை.

சாப்பிட்டிட்டு நாங்கள் ரெண்டு பேரும் குதிரை லாயத்துக்கு நடந்தம். அங்கை கல்லுத் தூண்தான் மிச்சம், சுத்திவரப் பத்தை. வெயிலுக்கு ஒரு ஈ காக்கா இல்லை. "மாமா, அந்தத் தூணோடை நில்லுங்கோ. கமலா அங்கை வைச்சுப் பாக்கட்டும்" எண்டார். நிண்டன். அவர் கமெராவைக் கண்ணிலை வைச்சுக்கொண்டு பின்னுக்குப் பின்னுக்குப் போனார். பத்தைக்குள்ளை ஒரு பாழ்க்கிணறு, சுத்துக்கட்டு இல்லாதது. விழுந்திட்டார்.

நான் கையாலை தொடேல்லை. அதை எழுதினியளோ? சரி.

எட்டிப் பாத்தன். பதினைஞ்சு அடி இருக்கும். அடியிலை கணுக்கால் அளவு சேத்துத் தண்ணி. ஒரு கால் அவருக்குக் கீழை மடிஞ்சு கிடந்தது. "மாமா, கால் முறிஞ்சுபோச்சு, ஆக்களைக் கூப்பிடுங்கோ" எண்டார். கூப்பிடுறன் எண்டு சொன்னனான். கூப்பிடத்தான் நடந்தனான். மரியதாசன் வீட்டுக்கு அரை மைல். அந்த அரை மைலிலைதான் யோசிச்சது.

தீவாருக்கு ஒரு பழக்கம் இருக்கு, உங்களுக்குத் தெரியாததில்லை. வள்ளத்திலை வராத ஆளை ஆரும் தேடுறேல்லை. "நிண்டிட்டார்" எண்டு சொல்லிப்போட்டுத் தங்கடை வேலையைப் பாப்பினம். கடல் சரியில்லாமல் இருந்திருக்கும், ஆரும் சொந்தக்காரர் மறிச்சிருப்பினம். ஒரு கிழமை வராட்டிலும் பதறமாட்டினம். யாழ்ப்பாணம் ரவுணிலை எண்டால் பொழுதுபட முன்னம் பொலிசுக்கு ஓடியிருப்பினம். இஞ்சை, இந்தக் கரையாருக்கு ஆள் அங்கை எண்டும், அந்தக் கரையாருக்கு ஆள் இஞ்சை எண்டும் தெரிஞ்சாக் காணும். கரைக்கு ஒரு வசனம். அதுக்குமேலை ஒண்டும் தேவையில்லை.

மரியதாசன் படலையிலை நிண்டு, "ஐயா, மருமோன் எங்கை?" எண்டான்.

"தலையிடியெண்டு ரெண்டு மணி வள்ளத்திலை போயிட்டார்" எண்டன்.

நாலு மணி வள்ளத்திலை நான் வந்தன். கமலா படலைக்கு ஓடிவந்தாள். "அவர் மரியதாசன் வீட்டிலை நிண்டிட்டார், படம் எடுத்து முடியேல்லையாம்" எண்டன். முகம் கொஞ்சம் சுருங்கினது, ஆனா நம்பினாள். ஆர்தான் நம்பாயினம்?

சோழகக் காத்து ரெண்டு நாளா முறுகிக்கொண்டு நிண்டதை நான் கண்டனான். இருபத்தாறு வருசம் தபால் பையை வள்ளத்திலை ஏத்தி அனுப்பின எனக்கு அது தெரியாதோ. அடுத்த நாள் கிளம்பிச்சுது. நாலு நாள் ஒரு வள்ளமும் ஓடேல்லை. அந்த நாலு நாளும் வீடு பழையபடி இருந்தது. முதல் கோப்பை எனக்கு வந்தது. நான் சந்தோசமா இருந்தனான் எண்டு சொன்னால் நீங்கள் தப்பா நினைப்பியள், ஆனா கேட்டபடியாலை சொல்லுறன், இருந்தனான்.

ஐஞ்சாம் நாள் காத்து விழுந்திட்டுது. கமலா விடிய எழும்பிப் புட்டவிச்சு, மீன் பொரிச்சு, வாழையிலையிலை கட்டித் தந்தாள். "அப்பா, போய்க் கையோடை கூட்டிக்கொண்டு வாங்கோ. பார்சலுக்குள்ளை ஒரு கடுதாசி வைச்சிருக்கிறன், அதை மட்டும் மறக்காமல் வாசிக்கச் சொல்லுங்கோ" எண்டாள். போனன். மரியதாசன் வீட்டுப் பக்கம் போகாமல் கரையாலை சுத்தி லாயத்துக்குப் போனன். முடிஞ்சிருக்கும் எண்டுதான் நினைச்சனான். அதை வடிவா எழுதுங்கோ.

குனிஞ்சு, "தம்பி, இருக்கிறீரோ?" எண்டு கேட்டன்.

"மாமா" எண்டு சத்தம் வந்தது. சின்னச் சத்தம். "வந்திட்டியளோ மாமா."

நான் கிணத்தடியிலை, நிழல் பாத்து இருந்தன். விடிய வெளிக்கிட்ட ஆள், வயசும் அறுபத்திரெண்டு. பார்சலை அவிட்டன். கீழை போட்டால் சேத்துக்குள்ளை விழுந்து பழுதாப்போகும். அதுவும் கமலா கையாலை அவிச்ச புட்டு. நான் சாப்பிட்டன். மணம் போயிருக்கும் போலை, அவர் கீழையிருந்து, "மாமா, கொஞ்சம்" எண்டார். பேந்து கொஞ்ச நேரத்தாலை, "கிணறு இருக்கெண்டு உங்களுக்குத் தெரியாதோ மாமா?" எண்டும் கேட்டார்.

அவருக்கு நான் மறுமொழி சொல்லேல்லை. உங்களுக்குச் சொல்லுறன். தெரியும். தூணடியிலை நிக்கேக்கை அவருக்குப் பின்னாலை கிணத்து வாய் எனக்கு நல்ல வடிவாத் தெரிஞ்சது. அவர் கண்ணிலை கமெராவை வைச்சபடி, "இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போகலாமோ மாமா?" எண்டு கேட்டவர். நான், "ஓம், போம்" எண்டனான். மகள் கனடாவிலை சுவரிலை கொழுவி வைச்சுப் பாக்கிறதுக்கு என்னைப் படமாக்கிக்கொண்டு போகப்பாத்த மனிசன். வேறை என்ன சொல்லுறது?

கடுதாசியை எடுத்து வாசிச்சன். நாலு வரிதான். ரெண்டு மாசம் தள்ளிப்போயிருக்காம், அப்பாவுக்குச் சொல்ல வெக்கமா இருக்காம், இதை வாசிச்ச உடனை வரட்டாம், பேர் ரெண்டு பேருமா யோசிப்பமாம். அவளுக்கு வந்த கடுதாசியள் வேறை. இது அவள் எழுதின கடுதாசி, அவற்றை பேர் போட்டது. நாலா மடிச்சுக் கிணத்துக்குள்ளை விட்டன். வாசிக்கிற அளவுக்கு வெளிச்சம் இருந்திருக்கும். நான் எழும்பி வரேக்கை பின்னாலை ஒரு கத்தல் கேட்டுது. அவ்வளவு சத்தம் அந்த உடம்பிலை மிச்சம் இருந்ததெண்டு நான் நினைக்கேல்லை.

பின்னேரம் கமலா கேட்டாள், "சாப்பிட்டவரோ?"

"ஓம். இன்னும் ரெண்டு நாள் நிக்கப்போறாராம்."

"கடுதாசி வாசிச்சவரோ?"

"வாசிச்சவர்."

"வாசிச்சிட்டும் நிக்கப்போறன் எண்டவரோ அப்பா?"

ஓம் எண்டன். அவள் என்னைப் பாத்துக்கொண்டே நிண்டாள். பிறகு உள்ளுக்குப் போய்ப் படுத்திட்டாள். இரவுச் சாப்பாடு நானே போட்டுச் சாப்பிட்டன்.

விடியப் பாத்தால் ஆளில்லை. முதல் வள்ளத்திலை தனிய ஏறியிருக்கிறாள். வழி முழுக்கச் சத்தி எடுத்துக்கொண்டு போனவளாம். மரியதாசன் தன்ரை வசனத்தைச் சொல்லியிருக்கிறான், இவள் தன்ரை வசனத்தைச் சொல்லியிருக்கிறாள். பிறகு ரெண்டு பேரும் மாட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு லாயத்தடிக்குப் போயிருக்கினம். விடியப்புறம்தான் சீவன் போயிருக்குதெண்டு டொக்டர் சொன்னாராம். கடுதாசி சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை இருந்ததாம், ஒரு துளி ஈரம் படாமல். அதை வைச்சுத்தான் நீங்கள் என்னட்டை வந்தது. பாருங்கோ, நான் அதைச் சேர்த்திருக்காட்டில் உங்களுக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது.

ஓம் விதானையார், நான்தான் செய்தனான். ரெண்டு தரம் செய்தனான், விழேக்கை ஒண்டு, ஐஞ்சாம் நாள் ஒண்டு. வாசிச்சுக் காட்டத் தேவையில்லை, தாங்கோ, கையெழுத்து வைக்கிறன்.

போற வழியிலை தங்கச்சி வீட்டிலை ஒருக்கா இறங்கிக் கமலாவைப் பாருங்கோ. சொல்லாமல் வள்ளம் ஏறினதுக்கு அப்பா கோவிக்கேல்லையாம் எண்டு சொல்லுங்கோ. வயித்துப் பிள்ளையோடை மற்றவை வீட்டிலை நிக்கிறது வடிவில்லை, வீட்டை வரட்டாம். மூண்டு நாளா நான் கடைப் பாண்தான் தின்னுறன் எண்டு சொல்லுங்கோ, அது கேட்டாளெண்டால் அவள் பொறுக்கமாட்டாள்.