மூன்று டிகிரி தவறு

மேடையில் அமர்ந்திருக்கும் ஆய்வகத் தலைவர் அவர்களே, சக தொழில் நண்பர்களே, முன்வரிசையில் அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மையாரின் கணவரே, மகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் இதுவரை பேசியவர்கள் மறைந்த அம்மையாரோடு வேலை பார்த்தவர்கள். நான் அவரோடு சண்டை போட்டவன்!

பழச்சாறு கெடாமலிருக்கச் சேர்க்கிறார்களே, பென்சாயிக் அமிலம், அதைச் சுத்தம் செய்து கொடுக்கும் சிறு பட்டறை என்னுடையது. அந்த வெள்ளைப் பொடி பச்சைத் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. கொதிநீரில் கரைந்துவிடும். வடிகட்டி ஆறவிட்டால் அழுக்கை நீரிலேயே விட்டுவிட்டு ஊசி ஊசியாகத் திரும்பி வரும். சுத்தமானது நூற்றிருபத்திரண்டு டிகிரியில் உருகும். கலப்பு இருந்தால் முன்பே இளகும். என் சரக்கை வாங்கும் பழச்சாறு ஆலையின் ஆய்வகத்தில் அதை உருக்கிப் பார்த்துத் தீர்ப்பு எழுதியவர் அம்மையார். நாங்கள் அவருக்கு வைத்த பெயரே 'நூத்திருபத்திரெண்டு'தான்!

ஒரு சமயம் என் சரக்கு மூன்று முறை திரும்பி வந்தது. நூற்றுப்பத்தொன்பதிலேயே உருகுகிறதாம். நேரே போய் நின்றேன்.

“திரும்பத் திரும்ப வடிச்சு அனுப்பிட்டேன். இன்னும் என்னம்மா செய்யச் சொல்றீங்க?”

“கண்ணால பார்த்ததைத்தான் எழுத முடியும் அண்ணே.”

பத்துப் பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வந்தேன். வேலையில்லாமல் நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பினேன்.

நான் போன பிறகு அம்மையார் என்ன செய்தார்? ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வகத்தில் முத்திரையோடு வைத்திருந்த சுத்தமான மாதிரியைப் பிரித்து உருக்கினார். அதுவும் நூற்றுப்பத்தொன்பது!

நண்பர்களே, அந்தத் தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டியிருந்தால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமா? ஆலைக்குத் தெரியுமா?

மறுநாள் காலை என் பட்டறை வாசலில் நின்றார். கொப்பரை ஆவி பட்டு இருமினார்.

“தள்ளி வாங்கம்மா, நெஞ்சு கமறும்.”

“இருக்கட்டும் அண்ணே. உங்க சரக்கு சுத்தம். தெர்மாமீட்டர் மூணு டிகிரி குறைச்சுக் காட்டியிருக்கு.”

“அப்போ தப்பு தெர்மாமீட்டரோடதுதானே?”

“மாசாமாசம் அதைச் சரிபார்க்க வேண்டியது நான். பார்க்கல. வேலை போனவங்க வீடு எங்க இருக்குன்னு சொல்லுங்க.”

நான்கு வீட்டுக்கும் நடந்தே போனார். மூன்று பேர் மறுவாரமே வேலைக்குத் திரும்பினார்கள். நான்காவது வீட்டு அக்கா முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். அம்மையார் மறுநாளும் போனார்; கதவு திறக்கவில்லை. அந்த அக்கா கடைசிவரை திரும்பவே இல்லை. “அவங்க கோபம் நியாயமானது அண்ணே” என்றார் அம்மையார், அவ்வளவுதான். நடந்தது முழுவதையும் தன் கையெழுத்தோடு எழுதி ஆலையின் அறிவிப்புப் பலகையில் அவரே ஒட்டினார். பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது.

இப்படி ஒரு மனுஷியை எங்கே தேடுவோம்!

முந்தாநாள் என் பட்டறையில் இரண்டு மூட்டைகளுக்குச் சீட்டு மாறிவிட்டது. லாரி புறப்பட்டுப் போயிருந்தது. வாங்குபவர் கண்டுபிடிக்க வாரமாகும். கண்டுபிடிக்காமலே கூடப் போகலாம். போனை எடுத்தேன். அவரைக் கூப்பிட்டேன். “ஐயா, தப்பு என்னோடது” என்றேன். அம்மா, உங்கள் வேலை எங்கள் பட்டறையில் தொடரும். இது நான் இந்தச் சபையில் கொடுக்கும் வாக்கு.