தெளிந்த சொட்டு

போனில் பேசி முடித்துவிட்டே வாருங்கள் இன்ஸ்பெக்டர், எனக்கு அவசரமில்லை. அப்பாவுக்கு நேற்றுத்தான் ஆபரேஷன் என்றால் பிள்ளைக்குப் பதற்றம் இருக்கத்தானே செய்யும்.

நோயாளிகளுக்குச் சிறுநீர் வெளியேறப் பொருத்தும் குழாய்களைச் செய்கிற தொழிற்சாலை எங்களுடையது. கிருமிச் சோதனை என் பொறுப்பு. குழாய்க்குள் கிருமி கலந்த நீரை ஊற்றி ஒரு நாள் வைத்து, மறுநாள் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். எதுவும் நீந்தாவிட்டால், குழாயின் உள்பூச்சு கிருமியைக் கொன்றுவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இந்த முறையைக் கொண்டுவந்ததே நான்தான். பதவி உயர்வும் அதனால்தான்.

பக்கத்து மேசை அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. தேறிய குழாய் ஒன்றை நீளவாக்கில் வெட்டி, உள்சுவரை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் கணக்கு முடித்த கிருமிகள் அத்தனையும் அங்கே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. கிருமி வாலைச் சுழற்றி நீந்தும். சுவரில் முட்டினால் வால் திணறும். அதை வைத்தே சுவர் இருப்பதை உணர்ந்து ஒட்டிக்கொள்ளும், பெருகும். நீர் தெளிந்திருந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

"திங்கக்கிழமை நீயே மேல போய்ச் சொல்லிடு. நான் சொன்னா உனக்குத்தான் அசிங்கம்," என்றார் அக்கா.

சனிக்கிழமை அவருக்கே சிறுநீரகக் கல் ஆபரேஷன். அவர் மயக்கத்தில் இருந்தபோது அவர் வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். "ரெண்டு கம்பெனிக் குழாய் இருக்காம் தம்பி. உங்களோடதையே போடச் சொல்லவா?"

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். திங்கட்கிழமையும் கிட்டத்தில் வந்துவிட்டது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் குரல் நடுங்கவில்லை.

"நானே சோதிச்சது மாமா. பயப்படாதீங்க."

ஐந்தாம் நாள் காய்ச்சல். குழாயாக இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்பட்டார். என் அறிக்கையை எடுத்துப்போய்க் காட்டினேன். குழாயை மாற்றவில்லை. ஒன்பதாம் நாள் அக்காவுக்குப் பேச்சு வரவில்லை; கண்ணால் குழாயைக் காட்டி என்னைப் பார்த்தார். தண்ணீர் கேட்கிறார் என்று மாமாவிடம் சொன்னேன். மறுநாள் அக்கா போய்விட்டார்.

எனக்கு அவர்மேல் கோபமே கிடையாது. பயந்தவன் வேறு, கெட்டவன் வேறு. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். கிருமிக்குப் பயந்து கதவுக் கைப்பிடியைத் தொடக்கூட இன்றும் நடுங்குகிறவன் நான்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். குழாய்கள் ஆஸ்பத்திரிகளுக்குப் போவது நின்றுவிட்டதா என்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை.

அப்பாவுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லையே?