ஏழாவது பலகை

இல்ல சார், அது கை தவறினது இல்ல. நல்லா குனிஞ்சு பாருங்க. தொட்டும் பாக்கலாம், பெயிண்ட் காஞ்சு பத்து நாளாச்சு. நகத்தால லேசா தட்டுங்க. டிக்குனு கேக்குதா? இந்தக் குட்டிப் படகு முழுக்க பிளாஸ்டிக். ஒரு துண்டு மரம் கிடையாது.

விழா தொடங்க இன்னும் கால் மணி நேரம் இருக்கு. படகுத் தொழிலாளர் சங்கத்துல இருந்து இப்பத்தான் நாற்காலி போட்டுட்டு இருக்காங்க. நீங்க முன்னாடியே வந்தது நல்லதாப் போச்சு.

எப்படிப் பண்றதுன்னு கேட்டீங்கல்ல? பெரிய வித்தையெல்லாம் இல்ல. முதல்ல மணல் கலர் அடிச்சு ஒரு நாள் காய விடணும். அதுமேல சாம்பல் ஆயில் பெயிண்ட்டக் கொஞ்சமா தடவி, முடி கொட்டிப்போன பழைய பிரஷ்ஷால ஒரே பக்கமா இழுக்கணும். பிரஷ் போன தடமெல்லாம் மரத்து ரேகையா நிக்கும். பல் குத்துற குச்சி முனைய வெச்சு ஒரு திருகு திருகினா கணு. ஒவ்வொரு பலகையையும் டேப் ஒட்டிப் பிரிச்சு, ஒண்ணு கொஞ்சம் வெளிறலா, ஒண்ணு கொஞ்சம் கறுப்பா அடிக்கணும். இல்லன்னா பொம்மை மாதிரி ஆயிடும். பொறுமை வேணும், அவ்வளவுதான். நான் பொய்ப்பல் செய்யிற லேப்ல இருபது வருஷமா இருக்கேன் சார். பக்கத்துப் பல்லுக்குத் தோதா கலர் கலக்குறதுதான் பொழப்பு. அக்கா, நீ ஊரையே இளிக்க வெச்சு ஏமாத்துறவளாச்சேன்னு என் தம்பி கிண்டல் பண்ணுவான்.

அவன் இந்தப் படகுலதான் வேலை பாத்தான். ஆமா, நிஜப் படகுலதான். துறைக்கு வந்ததும் கயிறு வீசிக் கட்டுற ஆளு.

பொழுதுபோக்கா இப்படிக் குட்டிப் படகு செய்வேன், முன்னெல்லாம் எந்தப் பலகையா இருந்தாலும் பழுப்பாத்தான் அடிப்பேன். பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். வெயில்லயும் தண்ணியிலயும் கெடக்குற மரம் சாம்பலாத்தான் இருக்கும், ஆணியச் சுத்திக் கறுப்பா வழிஞ்சிருக்கும்னான். வாயால சொன்னா உன் மண்டையில ஏறாதுன்னுட்டு, தளத்த போட்டோ எடுத்து அனுப்ப ஆரம்பிச்சான். ஒரு பலகை விடல. நாப்பத்தி மூணு போட்டோ.

இப்ப உங்க கண்ண உறுத்துதே, ஏறி இறங்குற வழியில ஏழாவது பலகை, அதுவும் அதுல இருக்கு. இந்தாங்க லென்ஸ். மத்ததெல்லாம் சாம்பல், இது மட்டும் பளபளன்னு புதுப் பழுப்பு. நடுவுல லேசா பள்ளம். பெயிண்ட் உரிஞ்ச ஓரத்தப் பாருங்க. வெடிப்பு நெடுக்க ஓடல, கட்டம் கட்டமா இருக்கு. உளுத்த மரம் அப்படித்தான் வெடிக்குமாம். பட்டி பூசி, பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்காங்க. இந்த ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் எனக்கு மூணு வாரம். அடிப்பேன், அழிப்பேன், மறுபடி அடிப்பேன். அழுகல் கலர் அவ்வளவு லேசுல சிக்காது சார்.

வேர்க்குதே? ஃபேன் போடச் சொல்லட்டுமா?

போட்டோவ நான் திறந்து பாக்குறதுக்கு முன்னாடி, அந்த வாரத்துலயே, அந்தப் பலகை முனையில கால ஊனித்தான் கயிறு வீசினான். முனை முறிஞ்சு, படகுக்கும் துறைச் சுவருக்கும் நடுவுல விழுந்தான். படகு நகந்து வந்து... சரி, அத விடுங்க. விசாரணையில, குடிச்சிருந்தான்னு எழுதினாங்க. அந்த வாசனைக்கே குமட்டுறவன் சார் அவன். முறிஞ்ச பலகை எங்கன்னு கேட்டா, மறுநாளே மாத்தியாச்சுன்னாங்க. தளம் உறுதியா இருந்துச்சுன்னு சான்றிதழ் காட்டினாங்க. குடிகாரன் பொண்டாட்டின்னு என் தம்பி சம்சாரத்த ஒரு பைசா நஷ்டஈடு இல்லாம வெளிய அனுப்பினாங்க.

எங்கிட்டதான் போட்டோ இருந்துச்சு. ஆனா அவன் அனுப்பினத நாலு வருஷம் நான் திறக்கல. திறக்க மனசு வரல. சங்கத்துப் புதுக் கட்டடத்துக்கு இந்தப் படகச் செஞ்சு தாங்கன்னு கேட்டப்பதான், கலர் பாக்கணுமேன்னு திறந்தேன். இருபத்தியொம்பதாவது போட்டோவுல கை நின்னு போச்சு. அன்னிக்கு அழல சார். நேரா பிரஷ்ஷக் கழுவ உக்காந்தேன்.

அழைப்பிதழ்ல உங்க பேரப் பெருசா போடணும், ஓய்வுபெற்ற படகு ஆய்வாளர்தான் தலைமை தாங்கணும்னு ஒத்தக் கால்ல நின்னது நான்தான். நீங்களும் உடனே சரின்னுட்டீங்க. நல்ல மனசு.

அட, எந்திரிக்காதீங்க. அந்தப் பக்கம் தம்பி சம்சாரமும் வக்கீலும் நிக்குறாங்க, இப்ப போனா அவங்க மேல இடிப்பீங்க. சுவத்துல அந்தத் திரை இருக்கு பாருங்க, அதுக்குப் பின்னாடி அந்த போட்டோவ ஆளுயரத்துக்குப் பெருசாக்கி வெச்சிருக்கோம். கீழ தேதியும் நேரமும் இருக்கு, செவ்வாக்கிழமை காலைல பத்தே கால். பக்கத்துல உங்க சான்றிதழ். அதே செவ்வாக்கிழமை, தளத்துல ஒவ்வொரு பலகையா மிதிச்சுப் பாத்தேன்னு நீங்க போட்ட கையெழுத்தோட.

கூட்டம் வந்துடுச்சு. வாங்க சார், கயிற நீங்கதான் இழுக்கணும்.