இந்த ஃபேன் சத்தத்துல

சத்தம் வரலையா? வரும் வரும், கொஞ்சம் பொறுங்க தம்பி. புது ஆளப் பாத்தா அது அப்படித்தான், ஒண்ணுந் தெரியாத பாப்பா மாதிரி சுத்தும். எங்க, ஸ்விட்சை அணைச்சுட்டு மறுபடி போட்டுப் பாருங்க. ம்ஹூம். சரி, ஸ்டூல்லேர்ந்து எறங்கிடாதீங்க. நான் இந்த வெங்காயத்தைக் கிண்டிக்கிட்டே பேசறேன், விட்டா கருகிடும்.

இல்லல்ல, வீடெல்லாம் தப்பு இல்ல. ரெண்டாவது மாடி, பச்சைக் கதவு, இதேதான். உங்க கடைக்குப் போன் பண்ணது எங்க வீட்டுக்காரர். அடுப்படில புகை இழுக்கற சுவத்து ஃபேன் காட்டுக்கத்தல் கத்துதுன்னு சொன்னாரா? சொல்லியிருப்பார். உங்க முதலாளியை ஒரு வார்த்தை பேச விட்டிருக்க மாட்டாரே? அதேதான். சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு டக்குனு வெச்சிடுவார். இப்பல்லாம் போன்னா அவருக்கு அப்படித்தான், எதிராளிக்கு வேலையே கிடையாது.

ஆமா, ஹால்ல சோபால உக்காந்திருக்காரே, அவரேதான். பெல்லை நீங்க அத்தனை தடவை அடிச்சீங்க, பாவம். பேப்பரைக் கையில எடுத்துட்டா அவருக்கு உலகமே தெரியாது. உங்களைப் பாத்து என்ன சொன்னார்? பாக்கலாம்னா? எங்க சார் ஃபேன்னு கேட்டதுக்குப் பாக்கலாம்னாரா! சிரிக்காதீங்க தம்பி. எதைக் கேட்டாலும் இப்ப அதைத்தான் சொல்றார். போன வாரம் கீழ் வீட்டு வாத்தியாரம்மா வந்து, எங்க மாமனார் காலமாயிட்டார்னு சொல்லிச்சு. பாக்கலாம்னுட்டார். அந்தம்மா அழறதை நிறுத்திட்டு என் மூஞ்சியைப் பாக்குது. நான் எங்க போய் முட்டிக்கிறது?

அந்தக் கறித் தட்டை இப்படித் தள்ளுங்க. கொத்துன மாட்டுக்கறிதான். கடைக்காரன்கிட்ட நின்னு, ரெண்டு தடவை மிஷின்ல போடுப்பான்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன். கொழுப்பும் கொஞ்சம் இருக்கணும், இல்லேன்னா மரத்தூள் மென்ன மாதிரி இருக்கும். பாருங்க, சட்டில போட்டதும் தண்ணி விட்டுக்கிட்டு வெளுத்துப் போய் நிக்குதா? இந்தத் தண்ணி முழுக்க வத்தி, செவந்து, அடியில சர்ருனு பிடிக்கிற வரைக்கும் பொறுமையா நிக்கணும். எங்க மாப்பிள்ளை இருக்காரே, ரொம்பத் தங்கமான மனுஷன், ஒரு நாள் நான் செய்யறேன்னு வந்து, தண்ணி வத்தறதுக்குள்ள தக்காளியைக் கொட்டிட்டார். ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி ஆயிடுச்சு. அதையும் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார், அவர் செஞ்சதாச்சே.

அவங்கதான் இன்னைக்கு வர்றாங்க. மக, மாப்பிள்ளை, எங்க பேத்தி வாலு. ஏழு வயசு. பேர் வேற வெச்சிருக்காங்க, யாரும் கூப்பிடறதில்ல. எட்டு மணிக்கு வந்துடுவாங்க. அதுக்குள்ள இந்த ஃபேன் சரியாகணும் தம்பி. உங்க கையைக் காலா நெனைச்சுப் புடிச்சுக் கேக்கறேன், அவங்க உள்ள வர்றதுக்குள்ள இது சரியாகியே ஆகணும்.

நல்லாத்தான் இருக்குங்கறீங்களா? உங்களுக்கு முன்னால வந்தவனும் அதான் சொன்னான். அவனுக்கு முன்னால வந்தவனும் அதான் சொன்னான். முதல்ல வந்தவன் எண்ணெய் போட்டான். அன்னைக்கு ராத்திரியே இவர், என்ன எண்ணெய் போட்டான், இந்த ஃபேன் சத்தத்துல நீ பேசறது ஒண்ணும் விளங்கலைன்னார். ரெண்டாவது வந்தவன் கெட்டிக்காரன். இது நல்லாத்தான் இருக்கு, சார் ஒத்துக்கலேன்னா புதுசு மாட்டிடலாம்மான்னு பழசைக் கழட்டி எடுத்துட்டே போயிட்டான். புதுசு மறுநாள்தான் வந்துது. ஒரு ராத்திரி பூரா சுவத்துல வெறும் ஓட்டைதான். அந்த ராத்திரியைப் பத்தி அப்புறம் சொல்றேன். மாட்டிட்டு அவன் சொன்னான், இதைவிடச் சத்தமில்லாத ஃபேன் மார்க்கெட்லயே இல்லம்மான்னு. அவனை அப்படியே பிடிச்சு வெளிய தள்ளலாமான்னு இருந்துச்சு எனக்கு.

இருங்க, தக்காளி போடறேன். தள்ளி நில்லுங்க, தெறிக்கும். பூண்டு முன்னாடியே போட்டாச்சு. கேரட்டைத் துருவிப் போட்டுட்டேன், வாலுக்குத் தெரியாது, தெரிஞ்சா ஒவ்வொண்ணாப் பொறுக்கித் தட்டு ஓரத்துல கோலம் போட்டு வெச்சிடும். இப்பத் தண்ணி. இப்பப் பாஸ்தா. ஆமா, அப்படியேதான், பச்சையாத்தான். தனியா வேக வெச்சு வடிக்கிறதெல்லாம் எங்க வீட்ல கிடையாது. ஒரே பாத்திரம். கறியோட ருசியைக் குடிச்சுக்கிட்டே அது வேகணும். மூடிட்டா அவ்வளவுதான், நடுவுல தொறக்கக் கூடாது. தொறந்தா ஆவி போயிடும், பாதி கல்லு மாதிரியும் பாதி கூழு மாதிரியும் நிக்கும்.

அப்ப வெந்துதுன்னு எப்படித் தெரியும்? நல்லாக் கேட்டீங்க. என்னைக் கேட்டா எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது தம்பி! கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த வீட்ல வேளை பாத்துச் சொல்றது அவர்தான். நான் வந்தப்ப எனக்குச் சுடுதண்ணிகூடச் சரியா வெக்கத் தெரியாது. ஒத்தை ரூம் வீடு. இவர் கட்டில்ல படுத்துக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, எறக்குன்னுவார். எறக்குவேன். கனகச்சிதமா இருக்கும். எப்படிங்கன்னா, சத்தத்தைக் கேளுங்கறார். முதல்ல தளதளன்னு கொதிக்கும், அப்புறம் தண்ணி கொறைஞ்சு பொளக் பொளக்குன்னு வரும், அதுவும் நின்னு அடியில ஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம் ஆரம்பிக்குமாம், அந்த நொடி. எனக்கு எல்லாம் ஒண்ணு மாதிரிதான் கேக்கும். பின்ன, பாம்புக் காதுக்காரர் வீட்ல இருக்கும்போது நான் எதுக்கு மெனக்கெடணும்?

வேலையே அதுதானே அவருக்கு. மோட்டார் கம்பெனில டெஸ்டிங். செஞ்சு முடிச்ச மோட்டாரெல்லாம் வரிசையா வரும், இவர் ஒவ்வொண்ணையும் ஓட விட்டுக் காதைக் குடுத்துக் கேட்டு, இது வெளிய போகலாம், இது ரிப்பேருக்குத் திரும்ப உள்ள போகட்டும்னு பிரிச்சு விடுவார். பெரிய எஞ்சினியரெல்லாம் இவர் வாயையே பாத்துக்கிட்டு நிப்பாங்களாம். அந்த மெதப்பு இன்னும் எறங்கல. போன வருஷம் ரிட்டையர் ஆனார். இப்ப வீட்டு மிக்ஸி, பக்கத்து வீட்டு ஸ்கூட்டர், ஒண்ணையும் விடறதில்ல. பஸ்ல போனாக்கூட டிரைவர்கிட்டப் போய், உன் வண்டில ஒரு போல்ட்டு லூஸுன்னு சொல்லிட்டு வருவார். அந்தாளு நடு ரோட்ல வண்டியை நிறுத்தி எங்க ரெண்டு பேரையும் எறக்கி விட்டிருக்கான்.

வாலுக்கு இது ஒரு பெரிய விளையாட்டு. நான் மூடி போட்ட உடனே ஓடிப் போய் தாத்தா மடில ஏறி உக்காந்துக்கும். அவர் கண்ணை மூடுவார், அதுவும் கண்ணை மூடும். எறக்குன்னு அவர் சொன்னதும், அது ஹால்லேர்ந்து அடுப்படிக்கு ஓடியாந்து, பாட்டி எறக்கு எறக்குன்னு குதிக்கும். எங்க தாத்தாவுக்குச் சோறு பேசறது கேக்கும்னு ஸ்கூல்ல போய்ச் சொல்லியிருக்கு. டீச்சர் கூப்பிட்டு விசாரிச்சாங்களாம்.

ம்? ஆமா, போன தடவை கருகிப் போச்சு. அதுக்கு முந்தின தடவையும்தான். தாத்தா, சொல்லு தாத்தா, சொல்லு தாத்தான்னு அது மடில உக்காந்து உலுக்குது, இவர் கண்ணை மூடிக்கிட்டு ஜம்முனு உக்காந்திருக்கார். நாத்தம் அடுப்படி பூரா அடிக்குது. எனக்குக் கை பரபரங்குது, ஆனா அவர் சொல்லாம எறக்கினா அவரை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும். கடைசில மூடியைத் தொறந்தா அடி பூரா கரி. இவர் வந்து பாத்துட்டு ஃபேனைக் காட்டறார். இது போடற சத்தத்துல மனுஷனுக்கு எது கேக்கும்னு ஒரே கூச்சல். எங்க மக ஸ்கூல் டீச்சர், எதையும் நேருக்கு நேர் கேட்டுடுவா. ஃபேனைப் பாத்தா, அப்பாவைப் பாத்தா, சத்தம் ஒண்ணும் இல்லையேப்பான்னு வாயைத் தொறக்கறா. நான் சட்டுனு கையில இருந்த கண்ணாடிக் கிண்ணத்தைக் கீழ போட்டுட்டேன். நல்ல கிண்ணம். மாப்பிள்ளை அந்தக் கரியை எடுத்து வாயில போட்டுக்கிட்டு, இதுவும் ஒரு ருசிதான் அத்தைன்னார். தங்கமான மனுஷன்னு சொன்னேன்ல?

அய்யய்யோ, பெட்டியை மூடாதீங்க! எங்க கிளம்பிட்டீங்க? ரிப்பேர் ஒண்ணும் இல்லேன்னா எப்படி? இருக்கு தம்பி. இது சத்தம் போடல, அதுதான் ரிப்பேர். வெளையாடல. எனக்கு இது சத்தம் போடணும். நாலு வீட்டுக்குக் கேக்கற மாதிரி போடணும். ஒரு ஆணியைச் சொருகுங்க, தகரத்தை வளைச்சு விடுங்க, உங்களுக்குத் தெரியாததா? மத்த வீட்ல நீங்க என்னென்ன எடுத்து எறிஞ்சு சரி பண்ணுவீங்களோ, அதையெல்லாம் இங்க உள்ள வெச்சிட்டுப் போங்க.

ஏன் இப்படிப் பாக்கறீங்க? பைத்தியம்னு நெனைச்சாலும் பரவாயில்ல. ...என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க. கிண்டலாத்தான் சொன்னீங்க, தெரியுது, ஆனா சொல்லுங்க. ஃபேனைத் திருப்பி மாட்டினா, பின்னாடி இருக்கற தகடெல்லாம் படபடன்னு அடிச்சுக்கும். சரி. அப்புறம்? வாசம் வெளிய போகாம வீட்டுக்குள்ளயே அடிக்குமா? எவ்வளவு தூரம் போகும்? ஹால் வரைக்கும்? சோபா வரைக்கும் போகுமா தம்பி?

மாட்டுங்க. திருப்பி மாட்டுங்க. இப்பவே. மூடி போட்டாச்சு, கொதி வந்தாச்சு, சீக்கிரம். தகடு மூடிக்குமா? அப்பக் கம்பி போட்டுப் பாதி தொறந்த மாதிரி கட்டிடுங்க. தெருப் புகை வந்தா வரட்டும், நான் தொடைச்சுக்கறேன். உங்க முதலாளி திட்டினா என்னைக் கை காட்டுங்க.

டாக்டர்கிட்டயா? யாரை, என்னையா? ஓ. அவரையா.

புரிஞ்சுடுச்சா. ம். பெல் அடிச்சப்பவே புரிஞ்சிருக்கும், நீங்களும் நல்ல மனசோட சும்மா இருந்திருக்கீங்க.

அந்த ராத்திரி சொல்றேன்னேன்ல. பழைய ஃபேனை அவன் கழட்டிட்டுப் போனப்ப இவர் நடக்கப் போயிருந்தார், தெரியாது. வந்தார், சோபால உக்காந்தார். நான் அடுப்படி வாசப்படில நின்னு, டீ போடவாங்கன்னேன். என் வாய் அசையறதைப் பாத்துட்டு, ஏம்மா, இந்தப் பாழாப்போன ஃபேன் சத்தத்துல நீ சொல்றது ஒண்ணும் விளங்கலையேன்னார். நான் திரும்பிப் பாத்தேன். சுவத்துல ஓட்டைதான் இருக்கு தம்பி. ஓட்டை வழியாத் தெருவிளக்கு தெரியுது. வீடு அப்படி நிசப்தமா இருக்கு. ஆமாங்க, ரொம்பக் கத்துது, நாளைக்கே ஆளைக் கூப்பிடலாம்னு கத்திச் சொல்லிட்டு உள்ள வந்து, குழாயைத் தொறந்து விட்டுட்டு அழுதேன். குழாயை எதுக்குத் தொறந்தேன்னு அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துது. அழுதா மட்டும் கேட்டுடப் போகுதா?

கூட்டிட்டுப் போவேன், போகாம இருப்பேனா? ஆனா அதை அவரா வந்து என்கிட்டச் சொல்லணும். ஊரே மெச்சின காது அது. அதை மக கண்டுபிடிச்சு, பேத்தி எதிர்ல வெச்சு, அப்பா உனக்குக் காது கேக்கலைன்னு சொல்லிடக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு. அதுவரைக்கும் பழி ஃபேன் மேல இருக்கட்டும், அதுக்கென்ன மானமா போயிடப் போகுது? இது காதும் காதும் வெச்ச மாதிரி இருக்கட்டும் தம்பி. பாருங்க, வாய்ல என்ன வருதுன்னு.

முடிஞ்சுதா? போடுங்க. ஆத்தாடி! இதுதான் சத்தம்! தகரக் கொட்டாயில மழை பெஞ்ச மாதிரி இருக்கு. கை வெச்சுப் பாருங்க, காத்து நேரா ஹாலுக்குத்தான் போகுது. மூக்கெல்லாம் அவருக்கு நல்லாத்தான் இருக்கு, மேல் வீட்ல பால் பொங்கினா இங்கேர்ந்து சொல்வார். பேசாதீங்க, பேசாதீங்க. மூடியில கை வெக்காதீங்க. தண்ணி வத்திடுச்சுன்னு நெனைக்கிறேன், வாசம் லேசா மாறுது பாருங்க, அடியில வறுபடற மாதிரி. மெதுவா எட்டிப் பாருங்களேன், என்ன பண்றார்? பேப்பரைக் கீழ வெச்சுட்டாரா? கண்ணை மூடியிருக்காரா?

கேட்டுதா! கேட்டுதா தம்பி? எறக்குன்னார்! நீங்களும் கேட்டீங்கல்ல? அடுப்பை அணைங்க, அந்தத் துணியை எடுங்க. பாருங்க, தொறந்து பாருங்க, ஒரு பொட்டுத் தண்ணி இருக்கா? ஒரு பொட்டுக் கருகல் இருக்கா? எட்டு மணிக்கு இன்னொரு தடவை செய்வேன், கறி பாதி எடுத்து வெச்சிருக்கேன். இது உங்களுக்கு. உக்காருங்க, சாப்பிடாம யார் விடப் போறா? சீஸை மேல தூவிக்குங்க.

எறக்கிட்டேங்க! சரியான பதம்ங்க! எறக்கிட்டேன்!

ஏன் தம்பி, காதைப் பொத்திக்கிட்டீங்க? கத்தித்தான் சொல்லணும். இந்த ஃபேன் சத்தத்துல அவருக்கு எப்படிக் கேக்கும்?