பவதாரணி மிஸியின் கார்

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பது பலருக்குத் தெரியாது ஐயா. இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். எங்கள் தீவில் நாலு பக்கமும் உப்புக்காற்று. பிரேக் குழாய்கள் வெளியே தெரியாமலே துருப்பிடித்துவிடும். இறுப்பிட்டியில் பத்தொன்பது வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் கேட்டதில்லை.

போன வருடம் தீவுக்கு வரும் பாலத்தில் ஒரு வான் பிரேக் பிடிக்காமல் கடலுக்குள் பாய்ந்தது. ஓட்டியவர் இறந்துபோனார். "அவன் குடிவெறியில ஓடியிருப்பான்" என்று ஒரு கிழமை கதைத்தார்கள். அந்தக் கிழமையிலும் கராஜுக்கு ஒரு வாகனம் வரவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. செத்தவர் பிழையான ஆள்.

சரியான ஆள் யாரென்று ஆறுதலாக யோசித்தேன். பவதாரணி மிஸி மருத்துவமாது. தினமும் காரைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் விட்டுவிட்டுப் படகில் நயினாதீவுக்கு வேலைக்குப் போவார். அவரைக் குறை சொல்ல இங்கே ஒருவரும் இல்லை. என் மகளின் பிரசவத்துக்கும் அவர்தான் நின்றார்.

அவருக்கு நான் சந்தர்ப்பம் கொடுக்காமல் இல்லை. சில்லுக்குக் காற்றுப் போய்க் காரைக் கொண்டுவந்தபோது சொன்னேன்.

"மிஸி, பிரேக் ஒயில் மாத்தி ரெண்டு வருஷம் தாண்டிட்டுது."

"அடுத்த மாசம் பாப்பம் அண்ணை. இப்ப மூண்டு பேர் பிள்ளை பெற இருக்கினம். காரை விட்டிட்டு இருக்க ஏலாது."

எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். சில்லைப் பூட்டும்போது பிரேக் குழாயின் இணைப்பு ஒன்றைத் தளர்த்திவிட்டேன். கவனமாகப் போகும்படியும் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலை, இறங்குதுறையில் வீதி முடிந்த இடத்தில் கார் நிற்கவில்லை.

காரின் பின் சீற்றில் அவருடைய மகள் கம்சிகா இருந்திருக்கிறாள். பாடசாலை விடுமுறையாம், தாயோடு படகில் போக அடம்பிடித்தாளாம். அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் வேறொரு நாள் பார்த்திருப்பேன். இரண்டு சவப்பெட்டிகளில் பிள்ளையினது சின்னது. ஒரு பக்கத்தை நான் பிடித்தேன்.

எட்டுச் சடங்குக்கு முதலே வாகனங்கள் வரத் தொடங்கின. வேலணை, சரவணையில் இருந்தெல்லாம் வந்தார்கள். எல்லோருக்கும் பிரேக்தான் பார்க்க வேண்டும். இன்றுவரை முப்பத்தியொரு வாகனம் திருத்தியிருக்கிறேன். அதில் ஏழு, இன்னும் ஒரு மாதம் ஓடியிருக்காது.

மிஸியின் கணவர் சயந்தனும் தன் ஓட்டோவைக் கொண்டுவந்தார். சவரம் செய்திருக்கவில்லை.

"நீங்கள் அவவுக்குச் சொன்னனீங்களாம் அண்ணை. நான்தான் அந்தக் காரைக் கவனிக்கேல்லை."

"மனசைத் தேத்துங்கோ தம்பி" என்றேன்.

அவரைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். வேறு வேலைகளை ஒதுக்கிவிட்டு அவருடைய ஓட்டோவைப் பார்த்தேன். வீதியில் இரண்டு தரம் நானே ஓட்டிப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன். அடுத்த மாதமும் வரச் சொல்லியிருக்கிறேன். பாவம், அவருக்கு இப்போது வேறு யார் இருக்கிறார்கள்? என்னை நீங்கள் இங்கே மறியலில் வைத்திருந்தால் அந்த மனிதரை யார் பார்த்துக்கொள்வது?