அறுபத்தாறு கிலோ

மழைக்காலத்தில் நூலை எடை போட்டு வாங்கக் கூடாது. காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் பஞ்சு குடித்துவிடும். நூறு கிலோ என்று வாங்கி வந்த மூட்டை நாலு நாள் வெயில் பட்டால் தொண்ணூற்று நாலுக்கு இறங்கிவிடும். விற்றவனைக் குறை சொல்ல முடியாது. தண்ணீரை நூல் என்று நினைத்தது நம் தப்பு. இதை என் இருபதாவது வயதில் கற்றுக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, இது உங்களுக்கு எதற்கு என்று தோன்றும். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். நீங்கள் தெலுங்கில் எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. தமிழில் எழுதுகிறேன். யாரை வைத்து வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், ஒரு சொல் குறைக்காமல்.

என் பெயர் வேதாச்சலம். வயது அறுபத்தெட்டு. நகரியில் பன்னிரண்டு விசைத்தறி வைத்திருக்கிறேன். நாற்பது வருஷமாகத் தறிக்கூடத்தில் நிற்கிறவன். தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் காதில் விழாது. நாங்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துக்கொள்வோம். நாலு தறி தள்ளி நின்று மேஸ்திரி சிட்டிபாபு வாயசைத்தால், எந்தத் தறியில் இழை அறுந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். பழகியவர்களுக்கு இது பெரிய வித்தையில்லை.

செத்துப்போனவள் என் ஒரே மகள் தேவசேனா. வயது இருபத்தொன்பது. அவளே மாத்திரை தின்று செத்தாள் என்று உங்கள் காகிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படிச் செத்ததில்லை. நாளைக்கு ஊரில் யாரும் அப்படிச் சொல்லக் கூடாது.

அவளைத் திருப்பதியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் கொடுத்தேன். மாப்பிள்ளை பெயர் யஸ்வந்த். கல்யாணத்துக்கு முந்தின வாரம், இரண்டு குடும்பமும் பார்க்க, திருமலையில் அவளுக்குத் துலாபாரம் கொடுத்தேன். ஒரு தட்டில் அவள், மறு தட்டில் கல்கண்டு. சரியாக அறுபது கிலோ. பெருமாள் முன்னால் நிறுத்துக் கொடுத்த பெண் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த எண்ணை நான் எப்படி மறப்பேன்.

மூன்றாவது வருஷ ஆடியில் அவள் நகரிக்கு வந்தாள். அழைத்துப் போக யாரும் வரவில்லை. தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. அவர்கள் வந்து அழைக்காமல் நாமாகக் கொண்டுபோய் விடுவது எங்களில் வழக்கமில்லை. தை மாதக் கடைசியில் நான் மட்டும் பழத்தட்டோடு திருப்பதிக்குப் போனேன். கூடத்தில் அவர்கள் உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சம்பந்தியம்மா சிவசங்கரி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணா, நீங்க துலாபாரத்துல ஒக்கார வச்சுக் காமிச்ச பொண்ணு வேற, இங்க இருந்த பொண்ணு வேற. அந்தப் பொண்ணு எங்கனா கெடச்சா சொல்லுங்க. வேன் வச்சுக்கினு வந்து கூட்டிக்கினு வர்றோம்."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்று, "ஆவணி முடியறதுக்குள்ள அறுபது கிலோவா அனுப்புறேன்" என்றேன். அவர்கள் எடை குறைத்து அனுப்பச் சொல்லவேயில்லை என்று பிறகு கமலம்மா, என் மனைவி, பலமுறை சொன்னாள். வேடிக்கைக்குச் சொன்னார்களாம். எட்டுப் பேர் முன்னால் நான் சொன்னது வேடிக்கையில்லை.

மாசி முதல் தேதி அவளுடைய எடை எண்பத்து நாலு. வீட்டிலும் தறிக்கூடத்திலும் எனக்கு இருப்பது ஒரே எடை மேடைதான், காட்டா என்போம், நூல் மூட்டை போடுவது. திங்கள்கிழமை காலையில் ஆட்கள் வருவதற்கு முன்னால் அதில் நிற்க வைப்பேன். சிவப்பு எழுத்தில் வருகிற எண்ணைத் தூணில் சாக்பீஸால் எழுதுவேன். மூட்டை எடையை எழுதுகிற தூண் அது. காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் வேக வைத்த காய், சாயந்திரம் மோர். தெருவில் நடந்தால் ஊர் பேசும். அதனால் தறிகளுக்கு நடுவில் இருக்கிற பாதையில் காலை ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னேன். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாற்பத்திரண்டு அடி. பஞ்சுத் தூசியில் தலை வெளுக்க நடந்தாள். அவள் முகம் கோணியதில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஆனி முடிவதற்குள் அறுபத்தாறுக்கு வந்துவிட்டாள். அங்கே நின்றுவிட்டது.

ஒரு வாரம் அறுபத்தாறு. அடுத்த வாரமும் அறுபத்தாறு. மூன்றாவது வாரம் கூழைப் பாதியாக்கினேன். அறுபத்தாறு. நடையைக் கூட்டினேன். அறுபத்தாறு. தூணில் ஒரே எண்ணை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதும்போது, ஐயா, எனக்கு எவ்வளவு இயலாமையாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. பன்னிரண்டு தறியை ஒரு விரலால் நிறுத்துகிறவன் நான்.

புத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் நான் மட்டும் போய்க் கேட்டேன். சின்னப் பெண். "இது எல்லாருக்கும் வர்றதுதான் தாத்தா. இத்தன வேகமா எறக்கனா உடம்பு பயந்துக்கும், இருக்கறத கெட்டியா புடிச்சுக்கும். ஒரு மாசம் வயிறு நெறைய துன்னட்டும், தானா அசையும். கொஞ்சம் தண்ணி சேந்திருந்தாலும் அப்டித்தான் காட்டும்" என்றாள். பேருந்தில் திரும்பி வரும்போது அவள் சொன்னதில் எனக்குத் தண்ணீர் மட்டும் நினைவில் இருந்தது. நூல்காரனுக்கு வேறென்ன நினைவிருக்கும். ஈரத்தை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் நிஜ எடை தெரியும்.

எனக்கு இரண்டு வருஷமாக நெஞ்சில் கோளாறு. காலில் நீர் கட்டும். அதை இறக்கத் தினமும் காலையில் ஒரு மாத்திரை. மறுநாளிலிருந்து அந்த மாத்திரையைப் பொடி செய்து அவளுடைய கூழில் கலந்தேன். அவளிடம் சொல்லவில்லை. நாற்பது வருஷத்தில் அடுப்படிப் பக்கம் போகாதவன், கூழ்க் கிண்ணத்தை என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் நாள் தேவசேனா கண் கலங்கினாள். "நீ ஏன் நைனா எடுத்துக்கினு வர்ற" என்றாள். பாசம் என்று நினைத்திருப்பாள். அதுவும் பொய்யில்லை.

என் டாக்டர் அந்த மாத்திரையோடு வாழைப்பழமும் இளநீரும் சாப்பிடச் சொல்லியிருந்தார், ரத்தத்திலிருந்து சத்து வெளியே போய்விடும் என்று. அவளுக்கு அவை இரண்டும் மாசியிலேயே நிறுத்தப்பட்டிருந்தன.

அடுத்த திங்கள் அறுபத்தாறு. மாத்திரையைக் கூட்டினேன். அறுபத்தாறு. இன்னும் கூட்டினேன்.

அந்த நாட்களில்தான் ஒரு காலை, தறி ஓடிக்கொண்டிருக்க, நாலு தறி தள்ளி நின்ற சிட்டிபாபு என்னைப் பார்த்து வாயசைத்தான். "பெரியவரே, ஆறாம் தறில குண்டு ரெண்டு காணோம். பாவு தொளதொளன்னு இருக்குது." பாவு என்கிற நீள இழைகள் தளராமல் இழுத்துப் பிடிக்கத் தறியின் பின்னால் தொங்கும் இரும்புக் குண்டுகள் அவை, ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. "வேற மாட்டு" என்று நானும் வாயசைத்தேன். பிறகு இன்னும் இரண்டு காணாமல் போயிற்று. அதற்கும் வேறு மாட்டச் சொன்னேன்.

அவளுக்கு ஆடுதசை இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. நடக்கும்போது தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "நெஞ்சு படபடன்னு அடிக்குது நைனா" என்றாள். நடந்தால் அப்படித்தான் இருக்கும் என்றேன். கமலம்மா என்னைச் சாப்பிடும்போது பிடித்துக்கொண்டாள்.

"வளையல் தோள் வரைக்கும் ஏறுதுங்க. என் கண்ணுக்கு அவ எலும்புதான் தெரியுது. உங்க மெஷினுக்கு மட்டும் எப்டிங்க அறுபத்தாறு தெரியுது?"

"மெஷின் பொய் சொல்லாது."

"நூல் மூட்டைய பாக்கற கண்ணால பொண்ணப் பாக்காதீங்க." சொல்லிவிட்டு அவள் தன் தட்டுச் சோற்றிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாள். நான் சாப்பிட்டு முடித்தேன்.

ஆவணி முதல் திங்கள் காட்டாவிலிருந்து இறங்கியதும் தேவசேனா போகாமல் நின்றாள்.

"நைனா, நான் அங்க போகல. இங்கயே தறி ஓட்டிக்கினு இருந்துடறேன். சிட்டிபாபு அண்ணனுக்கு குடுக்கற கூலில பாதி குடு, போதும். அங்க அவரு கை ஓங்கறாரு நைனா. இந்த வெரல பாரு. அன்னிக்கு நான் சொன்ன மாதிரி கதவுல மாட்டினது இல்ல இது."

இடது சுண்டுவிரலைக் காட்டினாள். வளைந்திருந்தது. பக்கத்தில் இருந்த தறியின் கைப்பிடியைத் தள்ளினேன். தறி ஓட ஆரம்பித்தது. ஆட்கள் வரும் நேரம், ஓட விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அவள் கொஞ்ச நேரம் விரலை நீட்டிக்கொண்டே நின்றாள். பிறகு நடக்கப் போனாள்.

என் தங்கை கோதை முப்பத்தோரு வருஷம் புருஷன் வீட்டில் இருந்தாள். ஒரு நாளும் ஒரு குறை வந்ததில்லை. கடைசியில் குளிப்பாட்டும்போதுதான் பெண்கள் அவள் முதுகைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து போன பெண் திரும்பி வந்து உட்கார்ந்ததில்லை. இதைச் சொன்னால் உங்களுக்கு எல்லாம் புரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஆவணி கடைசித் திங்கள். காட்டாவில் அறுபத்தாறு. அன்று வேலை அவசரம், ஆட்கள் சீக்கிரம் வந்துவிட்டார்கள், எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பாதையில் நடக்கப் போனாள். இரண்டாவது சுற்றில் ஆறாம் தறியின் அருகில் விழுந்தாள். வேனில் திருப்பதிக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் புடவையைத் தளர்த்தியபோதுதான் தெரிந்தது, தேவசேனா இடுப்பில் துணியைப் பை போலத் தைத்துக் கட்டியிருந்தாள். உள்ளே நாலு குண்டு. எட்டு கிலோ. அதை எடுத்துவிட்டு நிறுத்தார்கள். ஐம்பத்தெட்டு.

கமலம்மா அந்தக் குண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள். "அறுபதுக்குக் கீழ போயி எத்தன நாளாச்சோ. நூலக் கையில வாங்கினதும் இத்தன ஈரம்னு சொல்லுவீங்களே. இது தெரியலயா உங்களுக்கு?"

அவளுக்குப் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். தெரியும்.

முதல் இரண்டு குண்டு காணாமல் போன வாரமே தெரியும். அவள் காட்டாவில் ஏறியபோது அவள் இடுப்பு அதன் பக்கவாட்டுக் கம்பியில் இடித்தது. இரும்பில் இரும்பு படுகிற சத்தம் எனக்குத் தெரியாததா. முதல் இரண்டு வாரம் எடை தானாக நின்றிருக்கலாம். அதற்குப் பிறகு அவள்தான் நிறுத்திப் பிடித்தாள். அறுபதைத் தொடாதவரை வேன் வராது என்று அவளுக்குத் தெரியும். நான் மாத்திரையைக் கூட்டினேன், அவள் குண்டைக் கூட்டினாள். தூணில் அறுபத்தாறு என்று எழுதினேன்.

ஏன் பிடித்துக் கேட்கவில்லை என்பீர்கள். கேட்டால் அவள் காரணத்தைச் சொல்வாள். சொல்லிவிட்டால் அது என் வீட்டில் சொல்லப்பட்டதாகிவிடும். பிறகு நான் அவளை அனுப்பவும் முடியாது, திருப்பதியில் எட்டுப் பேர் முன்னால் நின்று சொன்னதைத் திரும்பப் பெறவும் முடியாது. கேட்காதவரை எடை அறுபத்தாறு. அறுபத்தாறு என்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரம் இருந்தால் மாத்திரை. இதிலிருந்து வெளியே வர எனக்கு வழி தெரியவில்லை. தன் கையால் அவளே அந்தப் பையை அவிழ்த்து என் முன்னால் வைப்பாள் என்று ஒவ்வொரு திங்களும் காத்திருந்தேன். அவளும் என் ரத்தம். அவிழ்க்கவில்லை.

ஆகவே மாத்திரை கலந்தது நான். கலந்த நாட்கள் நாற்பத்தொன்று. கமலம்மாவுக்குத் தெரியாது. மாப்பிள்ளையை இரண்டு நாளாக ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவரை அனுப்பிவிடுங்கள். நல்ல குடும்பம். தற்கொலை என்ற சொல்லை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். என் மகள் பேச்சை நான் தட்டியதில்லை. அந்தக் கடைசிக் காலையில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆறாம் தறிக்குப் பக்கத்தில் நின்று, கூந்தலெல்லாம் பஞ்சோடு என் பக்கம் நேராகத் திரும்பி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, இரண்டு முறை ஏதோ சொன்னாள். வெளிச்சம் அவள் முகத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன ஐயா. எனக்கு எதுவும் காதில் விழவில்லை.